கனி அண்ணனின் பின்சக்கரம்

பினாங்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் எங்கள் சந்தில், யார் வீட்டில் என்ன சமையல் என்று எனக்கு மூக்காலேயே தெரியும். ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த வருஷம் மூக்கு குழம்பிப் போயிற்று. கனகேஸ்வரி அக்கா வைக்கும் சொதியின் வாசமும், கிரீஸும் ரப்பரும் பெயிண்டும் சேர்ந்த ஒரு நெடியும் கைகோத்துக்கொண்டு என் சமையலறை ஜன்னலுக்குள் வரும். ஜன்னலை மூடினால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்பார். மூடினால் பேச்சுக் கேட்காதே.

அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா கருவூலத்தில் குமாஸ்தா, இவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. கையில் மை பட்ட பரம்பரை. எண்ணெய் பட்டதில்லை. தொண்ணூற்று மூன்றில் அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது, முன்கூட்டியே போக விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார்களாம். இவர்தான் முதலில் தூக்கினார் என்று கேள்வி. தூக்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்து சொன்னார் என்பது கேள்வி அல்ல. அன்று சாயங்காலம் என் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

கை தூக்கியது எதற்கு? மவுண்டன் பைக் கட்டுவதற்கு. மலையில் ஏறி இறங்கத் தடித்த டயரும் பல கியரும் வைத்த சைக்கிள். பினாங்கில் அந்தப் பைத்தியம் அப்போது புதிது. ஸ்ரீ அண்ணன் ஆளை நிற்கவைத்து, தையற்காரர் மாதிரி கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் அளப்பார். அந்த அளவுக்குக் குழாய் அறுத்து, ஜெலுத்தோங்கில் ஒரு சீனரிடம் கொடுத்துப் பற்றவைப்பார். பின்கட்டில் பெயிண்டு அடித்துக் கொடியில் காயப்போடுவார். எங்கள் சந்தில் துணிக்கொடியில் சைக்கிள் காய்ந்த ஒரே வீடு அது.

சக்கரத்தை மட்டும் கடையில் வாங்கி மாட்டமாட்டார். நடுவில் ஹப், வெளியே ரிம், இடையில் கம்பிகள். ஒவ்வொரு கம்பியாகக் கோத்து, முனையில் இருக்கும் திருகைத் திருகி, தாங்கியில் மாட்டிச் சுற்றி, எங்கே ஆடுகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, மறுபடி திருகுவார். நடுநடுவே கம்பிகளை விரலால் சுண்டி, இறுக்கம் சமமா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். ஒரு சக்கரத்துக்கு ஒரு பகல் போய்விடும். அதற்குள் நான் மூன்று கறி வைத்து இறக்கிவிடுவேன்.

முதலில் வாசல் கொட்டகையில்தான் இருந்தார். மழைச் சாரல் என்று சொல்லிக் கூடத்துக்குள் வந்தார். கூடம் கனகேஸ்வரி அக்காவின் வயலின் வகுப்பு நடக்கும் இடம். பிள்ளைகள் சக்கரங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வில்லை இழுக்கும்போது டயரில் இடித்தார்கள். கடைசியில் வகுப்பு சாப்பாட்டு மேசைக்குப் போயிற்று. வயலினை மேசைமேல் வைத்துவிட்டுச் சோற்றுத் தட்டை எங்கே வைப்பது என்பது அந்த வீட்டின் தினசரி வழக்கு.

தீர்ப்புச் சொல்ல ஞாயிறுதோறும் வருவார் அப்புத்துரை, அக்காவின் தமையன். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். அவர் காரைத் துடைத்துத் துடைத்தே அதன் நிறம் பாதி போயிருந்தது.

"மச்சான், ஸ்டோர் கிளார்க் சீட் ஒண்ணு காலியா இருக்கு. ஏர்கோன் இருக்கு. ஃபெரிக்குப் போற வழியில நானே வந்து ஏத்திக்கிறேன். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அதுக்கு மேல என்னால தாஹான் பண்ணிப் பிடிச்சு வைக்க முடியாது, மேல கேக்குறாங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை கழியட்டும் மச்சான்," என்றார் ஸ்ரீ அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை என்ன, சைக்கிள் திருவிழாவா?"

"கனியை மலையில இருந்து இறக்கப்போறேன்."

அப்புத்துரை தங்கையைப் பார்த்தார். தங்கை உத்தரத்தில் தொங்கிய சக்கரங்களைப் பார்த்தார். அக்காவுக்குக் கூடம் திரும்பக் கிடைக்கவேண்டும். மாக் மண்டின் என்ற பேச்சு வந்தாலே அவர் முகம் கொஞ்சம் மலரும் என்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

கனி யார் என்று சொல்லிவிடுகிறேன். முகம்மது கனி, பட்டணத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர், நிறைய மனுஷர். அவர் காரில் ஏறினால் கார் அந்தப் பக்கம் ஒரு சலாம் போடும். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால், ஞாயிறு காலையில் மலையேறும் சைக்கிள் கூட்டமொன்றில் சேர்ந்தார். கெலுகோர் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் சிலர், ஒரு பல் டாக்டர், வங்கிக்காரர்கள் இரண்டு பேர். தாவரப் பூங்கா வாசலிலிருந்து மலை உச்சிக்குப் போகும் ஜீப் பாதையில் ஏறுவார்கள். சுவர் மாதிரிச் செங்குத்து. கனி அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எண்பத்து நாலு என்று சொல்லும் ஓய்வுக் கொட்டகை வரை போவார். அங்கே தேநீர் குடிப்பார். இறங்கும்போது கடையில் வாங்கிய சக்கரம் 'டொய்ங்' என்று ஒரு கம்பியை விடும். அடுத்த வளைவில் இன்னொன்று. மூன்றாவது வளைவில் சக்கரம் அப்பளம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவார். பூங்கா வாசல் குரங்குகளுக்குக்கூட அவர் பழகிவிட்டார்.

கூட்டாளிகள் சிரித்தார்கள். ஸ்ரீ அண்ணன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு நான் கட்டித் தர்றேன்" என்றார். பல் டாக்டர்தான் பந்தயம் மாதிரி ஒரு வார்த்தை விட்டது: கனியை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறக்குகிற சக்கரம் யாரையும் இறக்கும். கனி இறங்கிவிட்டால் தங்களுக்கும் ஆளுக்கொன்று. இறங்காவிட்டால் ஸ்ரீ அண்ணனுக்கு மாக் மண்டின். இதை ஸ்ரீ அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. எப்படி என்று என்னைப் பார்க்கக் கூடாது.

அந்த வாரம் புதன்கிழமை ஸ்ரீ அண்ணன் விழுந்தார்.

மலைப் பாதையில் விழுந்திருந்தால் ஒரு கௌரவம் இருந்திருக்கும். பூங்கா வாசலில், சமதரையில், கைப்பிடியில் ஒரு பை பீசாங் கோரெங் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பழப்பொரியல் வாசத்துக்குக் குரங்கு ஒன்று மதிலிலிருந்து தாவியது. அவர் பையை விடவில்லை, குரங்கும் விடவில்லை. முடிவில் பை குரங்குக்கு, வலது மணிக்கட்டு எலும்பு டாக்டருக்கு.

கட்டுப் போட்ட கையோடு அவர் வந்திறங்கியபோது கனகேஸ்வரி அக்காவுக்கு யாழ்ப்பாணம் வந்துவிட்டது. சாதாரண நாளில் எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த தமிழ் வெளியே வரும்.

"என்னப்பா செய்துபோட்டு வாறியள்? குரங்கோடயே சண்டை? ஊர் சிரிக்கப்போகுது!"

ஊர் அப்போது அவர்கள் வேலியோரம் நின்று கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. உள்ளே போனபிறகுதான் சிரித்தேன்.

கனியின் சைக்கிள் சட்டம் தயாராகிப் பச்சைப் பெயிண்டு காய்ந்திருந்தது. சக்கரங்கள்தான் பாக்கி. முன்சக்கரத்துக்குக் கம்பி கோத்தாயிற்று, இறுக்கவில்லை. பின்சக்கரம் பாதி இறுக்கியதோடு நின்றது.

வியாழக்கிழமை காலை அவர் இடது கையால் ஆரம்பித்தார். நான் அவர்கள் வீட்டு டப்பர்வேரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்ததே இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான். அக்கா சமையலறையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். கூடத்தில் ஸ்ரீ அண்ணன் ஒரு கம்பியைச் சுண்டினார், அடுத்ததைச் சுண்டினார், திருகினார், மறுபடி சுண்டினார். டிங். டங். டிங். டங். இடது கைக்குத் திருகு அளவாகப் படியவில்லை. அக்காவின் கத்தி ஒவ்வொரு டங்குக்கும் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க," என்றார் உள்ளிருந்தே.

டிங். டங்.

"கூடிப்போச்சு. எறக்குங்க."

டிங். டீங்.

"ஐயோ, அது எங்கயோ போகுது!" கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "எழும்புங்கோ. உந்தத் திருகியை இஞ்ச தாங்கோ. ஆறு வயசுப் பிள்ளையள் இதைவிடச் சுருதி சேர்க்குதுகள்."

அவர் தந்தார். அவ்வளவு சீக்கிரமாகத் தருவார் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். திருகியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழித்தார்.

"எல்லாக் கம்பியும் ஒரே சத்தமா இருக்கணும்," என்றார் ஸ்ரீ அண்ணன். "ஒரேயடியா ஏத்தாதே. சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா. நான் ரிம் ஆடுதான்னு பாக்குறேன், நீ கேளு."

அன்று அந்த வீட்டில் பன்னில் ஜாம் தடவித்தான் மதியச் சாப்பாடு. கத்தரிக்காய் நீரில் கறுத்துக் கிடந்தது. சாயங்காலம் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது அது சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஆட்டமே இல்லை. அக்கா நகத்தால் கம்பிகளை வரிசையாக வருடினார். எல்லாம் ஒரே சுரம்.

"பாத்தீங்களா?" என்றார் என்னிடம். கணவரிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வது அவர் வழக்கம்.

"உனக்குக் காது நல்ல காது," என்றார் அவர்.

"காது இருக்கட்டும். கழுத்து வலிக்குது. தைலம் எடுத்துத் தாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கனி அண்ணன் காரில் வந்து ஸ்ரீ அண்ணனைக் கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகும்போது ஸ்ரீ அண்ணன் திரும்பி, "பின்சக்கரம் நான் வந்ததும் பாப்போம்" என்றார். மழை பிடித்துக்கொண்டது. மலை தெரியவில்லை, எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. நான் குடையோடு போய், மழை விடும்வரை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அக்கா தாங்கியில் மாட்டியிருந்த பின்சக்கரத்தின் பக்கம் பார்க்காமல்தான் இருந்தார். தேநீர் போட்டார். பிஸ்கட் வைத்தார். பிறகு போகிற போக்கில் ஒரு கம்பியைச் சுண்டினார். மறுபக்கம் ஒன்றைச் சுண்டினார். முகம் புளித்த மாங்காய் கடித்த மாதிரி ஆயிற்று.

"கேளுங்க இத. இந்தப் பக்கம் ஒரு சுரம், அந்தப் பக்கம் அதுக்கு எவ்வளவோ கீழ. பாதி வேலை பாத்துட்டுப் பீசாங் கோரெங் வாங்கப் போயிருக்கார் மனுஷன்!"

"அண்ணே வரட்டுமே அக்கா."

"வந்து? ஒத்தைக் கையால என்னத்தச் செய்வார்? நான் இருக்கேன்லா."

கீழே இருந்த பக்கத்தை ஏற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கமும் கொஞ்சம் ஏறியது. அதை இறக்கினார். வயலினில் ஒரு தந்தியைத் தொட்டால் மற்றது நகர்வதில்லையா, அவருக்கு அது பழக்கம்தான். சுவர் ஆணியில் பெரிய வில் போல வளைந்த ஓர் இரும்பு தொங்கியது. அதில் கைத்துடைக்கும் துணியைப் போட்டுக்கொண்டு, துடைத்துத் துடைத்துத் திருகினார். சக்கரம் கொஞ்சமும் ஆடாமல் சுற்றியது. கம்பிகள் எல்லாம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே சுரம். உண்மையைச் சொன்னால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மழைக்குளிராகவும் இருக்கலாம்.

ஸ்ரீ அண்ணன் ஊசி மயக்கத்தில் வந்தார். சக்கரம் ஆடாமல் சுற்றுவதை அரைக்கண்ணால் பார்த்துவிட்டுப் படுத்தார்.

சனிக்கிழமை காலை கனி அண்ணன் சைக்கிள் எடுக்க வந்தார். கையில் அவர் கடை மீன்தலைக் குழம்பு. அப்புத்துரையும் வந்தார், ஞாயிறு வரை பொறுக்காமல். ஒரு பச்சை சைக்கிளுக்கு எங்கள் சந்தில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. நான் வேலியோரத்திலிருந்து நகர்ந்து வாசலுக்கே போய்விட்டேன். வேலியிலிருந்து பார்ப்பது நாகரிகமில்லை.

முன்சக்கரம் போட்டார்கள். அருமை. பின்சக்கரத்தைக் கனி அண்ணன் தூக்கிக் கொடுக்க, ஸ்ரீ அண்ணன் இடது கையால் பொருத்தினார். கனி சுற்றிவிட்டார். சர்ரென்று ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டு நின்றது.

"என்னாலா இது? இடது பக்கம் சாஞ்சு நிக்குது?" என்றார் கனி. "நான் ஏறுறதுக்கு முந்தியே எனக்கு எடம் விட்டு ஒதுங்கிருச்சா?"

கழற்றி மறுபடி மாட்டினார்கள். அதே. ரிம் வட்டமாக, ஆடாமல், மிக அழகாக, ஒரு விரல் தள்ளி இடப்பக்கம் நின்றது. பிரேக் கட்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"முடிஞ்சுது கதை," என்றார் அப்புத்துரை. சந்தோஷத்தை மறைக்க அவர் முயற்சி செய்தார், அதையும் சொல்லவேண்டும். "நாளைக்கு மலை இல்ல. மச்சான், திங்கக்கிழமை ஏழு மணிக்கு வாறேன், முழுக்கை சட்டை போட்டிருங்க."

ஸ்ரீ அண்ணன் குனிந்து ஒரு பக்கக் கம்பியைச் சுண்டினார், மறுபக்கக் கம்பியைச் சுண்டினார். ஆணியில் தொங்கிய வில் இரும்பையும் அதன்மேல் காய்ந்த துணியையும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எனக்கு இப்போது ஒரு நல்ல சண்டை கிடைக்கும் என்றிருந்தது. அவரோ சிரிக்க ஆரம்பித்தார். கட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே சுரமா வச்சிட்டியா?"

"நீங்கதானே சொன்னியள்! எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் எண்டு!" அக்காவின் குரலில் யாழ்ப்பாணம் ஏறிவிட்டது.

"அது முன்சக்கரத்துக்கு. பின்சக்கரத்துல வலது பக்கம் கியர் உக்காந்திருக்கு, பாரு. அது இடத்தை எடுத்துக்குது. அதனால வலது பக்கக் கம்பி நட்டுக்குத்தா நிக்கும், இடது பக்கக் கம்பி நல்லாச் சரிஞ்சு நிக்கும். வலது பக்கத்தை அதிகமா இழுத்துப் பிடிக்கணும், இடது கொஞ்சம் தளர்வு. அப்பத்தான் ரிம் நடுவுல நிக்கும். நடுவுல நிக்குதான்னு வச்சுப் பாக்குறதுக்குத்தான் நீ துணி காயப்போட்டிருக்கிற அந்த இரும்பு."

அக்கா போய்த் துணியை எடுத்தார். மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். வேறு ஒரு நாளாக இருந்தால், சரி, கூடம் திரும்பக் கிடைத்தது என்று இருந்திருப்பார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் வேறு, சுருதி சேர்த்த ஒன்று கோணிக்கொண்டு நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"எவ்வளவு தளர்வு?" என்றார்.

"அது கைக்குத் தெரியும். வாயால சொல்ல வராது."

"கைதான் கட்டில கிடக்கே!"

"ஆமா."

அக்கா வாசலுக்குப் போனார். ஸ்ரீ அண்ணனின் சொந்த சைக்கிள் அங்கே சுவரில் சாய்ந்திருந்தது, குரங்குப் போரில் கைப்பிடி வளைந்தபடி. அதன் பின்சக்கரம் அவர் கையால் கட்டியது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். இடது பக்கம் சுண்டினார். வலது பக்கம் சுண்டினார். கண்ணை மூடி மறுபடி. பிறகு மெல்லப் பாடினார்: "ச... க. ச... க." நிமிர்ந்தார். "இடது சட்ஜம், வலது காந்தாரம். இவ்வளவுதானா? இதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு வாயில்லையா?"

"எனக்கு எங்க சட்ஜம் தெரியும்? கல்யாணத்தன்னைக்கு உன் வயலினைக் கேட்டுத் தூங்கின ஆள் நான்."

"அது எனக்குத் தெரியும். மாலையோட தூங்கினார்," என்றார் அக்கா என்னிடம்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் தளர்த்தினார்கள். சுருதிப்பெட்டியை எடுத்தால் கரண்ட் இல்லை, நேற்றைய மழையில் போனது இன்னும் வரவில்லை. அக்கா சுற்றிப் பார்த்தார். பார்வை தமையன்மேல் நின்றது.

"அண்ணை, நீங்க கோயில்ல தேவாரம் படிக்கிறனீங்கள்தானே. சா பிடியுங்கோ."

"என்னது?"

"இந்தக் கம்பியைக் கேளுங்கோ. கனி அண்ணன் பாரம் கூட, அதனால இதுக்கு அரைச்சுரம் மேல. சா... இது. பிடியுங்கோ. விடக்கூடாது."

"நான் வேலை விஷயமா வந்தவன்..."

"வேலைதானே தாறன். பிடியுங்கோ!"

மாக் மண்டின் மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்து, "சா..." என்று பிடித்தார். குரல் நல்ல குரல், குறை சொல்லக்கூடாது. மூச்சு முட்டும்போது நிறுத்துவார், அக்கா முறைப்பார், மறுபடி பிடிப்பார். அக்கா இடப்பக்கக் கம்பிகளை அந்தச் 'சா'வுக்குக் கொண்டுவந்தார். வலப்பக்கக் கம்பிகளைத் தன் காந்தாரத்துக்கு ஏற்றினார். ஸ்ரீ அண்ணன் வில் இரும்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்து, "வலது இன்னும் கொஞ்சம்... நில்லு, நில்லு... அந்த வால்வுக்குப் பக்கத்துல அரைச் சுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பிகள் இறுகி உட்காரட்டும் என்று சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, கனி அண்ணனை ரிம்மில் கை ஊன்றி அழுத்தச் சொன்னார்கள். கம்பிகள் கிறீச்சென்று முனகின. "நானா, அதுவா?" என்றார் கனி. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில் வயலினை ஒதுக்கிவைத்துவிட்டு, தான் கொண்டுவந்த மீன்தலைக் குழம்பை அக்காவின் புட்டில் ஊற்றிச் சாப்பிட்டார். உடம்பு குறைக்கும் மனுஷர்.

"அக்கா, இந்தப் புட்டு என் கடையில கெடைச்சா நான் சைக்கிளே ஓட்ட வேணாம்லா. கூட்டம் என்னை நசுக்கியே மெலிய வச்சிரும்."

"வாயை மூடிச் சாப்பிடுங்க. சுருதி கெடுது."

வெயில் சாயும்போது சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டினார்கள். சுற்றிவிட்டார்கள். இரண்டு பிரேக் கட்டைக்கும் நடுவில், இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே விட்டு, ரிம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புத்துரை என்னவோ சொல்ல வந்தார், தொண்டை கட்டியிருந்ததால் காற்றுதான் வந்தது.

ஆனாலும் கூடத்தில் சுற்றுகிற சக்கரம் வேறு, மேலே கனி உட்கார்ந்து மலையில் இறங்குகிற சக்கரம் வேறு. அன்று ஸ்ரீ அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று மறுநாள் அக்கா சொன்னார். ஆணியில் அவரே கொண்டுபோய் ஒரு முழுக்கை வெள்ளைச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தாராம், வருவது வரட்டும் என்று.

ஞாயிறு காலை பூங்கா வாசலில் நாங்கள் எல்லோரும் நின்றோம். நான் அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போவது வழக்கம் இல்லை. அன்று போனேன். கனியின் மனைவி சித்தி ஹாஜராவும் வந்திருந்தார், குடையும் தண்ணீர்ப் போத்தலும் ஒரு முதலுதவிப் பெட்டியுமாக. அப்புத்துரை காரை நிழலில் நிறுத்திவிட்டுச் சுக்குமிட்டாய் சப்பிக்கொண்டு நின்றார்.

"மேல ஏறிட்டாரா இன்னும் வழியிலதானா, யாரு கண்டா," என்றார் சித்தி ஹாஜரா. "எண்பத்து நாலுல டீ குடிச்சிட்டு, உச்சியில மீ கோரெங் சாப்பிட்டு, ஏறினதை விட இறங்கும்போது கூடுதலா இருப்பாரு. அக்கா, உங்க சக்கரம் அதையும் கணக்குல வச்சிருக்கா?"

"வச்சிருக்கு," என்றார் கனகேஸ்வரி அக்கா. கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் பல் டாக்டர் இறங்கி வந்தார். பிறகு விரிவுரையாளர்கள். கனி எங்கே என்று கேட்டால், "பின்னால" என்றார்கள். வங்கிக்காரர்கள் வந்தார்கள். "பின்னால." அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஸ்ரீ அண்ணன் பாதையின் முதல் வளைவு வரை நடந்து போய், நின்று, திரும்பி வந்தார். அப்புத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் கேட்டது பிரேக் அலறல். அப்புறம், "தெப்பி! தெப்பி! ஓரம் போங்கலா எல்லாரும்!" என்று ஒரு குரல். நடைக்காரச் சீனக் கிழவர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள், குரங்குகள் மரமேறின. வளைவில் பச்சை சைக்கிளும் அதன்மேல் முகம்மது கனியும், இரண்டு கால்களையும் அகட்டி, கண்கள் பிதுங்கி, சட்டை பின்னால் பாய்மரமாக விரிய, எங்களைத் தாண்டி, காரைத் தாண்டி, கடைவீதி வரை போய், ஒரு பழக்கடைப் பலகையை உரசி நின்றார். இறங்கவில்லை. இறங்கக் கால் வரவில்லை. சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"உச்சியில இருந்து! ஒரு எடத்துலயும் எறங்கல! ஒரு எடத்துலயும் எறங்கல ஹாஜரா!"

எல்லோரும் கனியைப் பார்க்க ஓடினார்கள். கனகேஸ்வரி அக்காவும் ஸ்ரீ அண்ணனும் சக்கரத்தைப் பார்க்க ஓடினார்கள். நாலு பேர் கனியைத் தூக்கி இறக்கியதும், அப்புத்துரைதான் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ஸ்ரீ அண்ணன் சுற்றிவிட்டார். சேறும் சருகும் அப்பிய ரிம், கட்டைகளுக்கு நடுவில், தன் பாட்டுக்கு ஓடியது. அக்கா குனிந்து ஒரு பக்கம் வருடினார், மறுபக்கம் வருடினார். சேற்றோடு கேட்டது: ச, க.

"இறங்கவே இல்ல," என்றார் மெதுவாக. கனியைச் சொன்னாரா கம்பியைச் சொன்னாரா தெரியவில்லை.

பல் டாக்டர் வந்துவிட்டார். "எங்களுக்கும் வேணும்லா. அளவு எப்ப எடுக்கலாம்? ஆனா சக்கரம் இவங்கதான் கட்டணும்," என்று அக்காவைக் காட்டினார். ஸ்ரீ அண்ணன் முகம் ஒரு கணம் என்னவோ மாதிரி ஆகி, உடனே பல்லெல்லாம் தெரிந்தது.

அப்புத்துரை சைக்கிளைக் கீழே வைத்தார். கையைத் துடைக்க இடம் பார்த்தார். தங்கை துணியை நீட்டினார்.

"அப்ப, திங்கக்கிழமை?" என்றார், கட்டிய தொண்டையோடு.

ஸ்ரீ அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை அவருக்கு ஆள் அளக்கிற வேலை இருக்கு, அண்ணை. அந்த முழுக்கைச் சட்டையை நீங்களே கொண்டு போங்கோ, உங்களுக்குச் சரியா இருக்கும். கூடத்தைப் பிரிச்சு ஒரு பலகைத் தடுப்பு மட்டும் போட்டுத் தாங்கோ. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் வகுப்பு."

அப்புத்துரை கையைத் துடைத்துத் துணியைத் திருப்பிக் கொடுத்தார். "பலகை மாக் மண்டின்ல மலிவு," என்றார். அவருக்கு அதுதான் வாழ்த்து.

அதற்குள் சித்தி ஹாஜரா கணவரின் முழங்காலுக்கு மருந்து தடவி முடித்திருந்தார். எழுந்து, பச்சை சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். இருக்கையை அழுத்தினார். மணியை அடித்தார்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு."

"நீயா?" என்றார் கனி, பழக்கடை ஸ்டூலில் இருந்து.

"ஏன், மலை உங்க வாப்பா வீட்டுதா? நீங்க மேல போயி என்ன சாப்பிடுறீங்கன்னு நான் பாக்கணும்."

கனகேஸ்வரி அக்கா முகம் அப்போது தொழில்காரர் முகமாகிவிட்டது. ஸ்ரீ அண்ணன் முகத்தில் பார்த்த அதே முகம்தான், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"செய்யலாம்லா. ஆனா கம்பி எவ்வளவு இறுக்கணும்னு முதல்ல தெரியணும். உங்க எடை என்ன, உண்மையைச் சொல்லுங்க. பொய் சொன்னா சக்கரம் சொல்லிரும்."

சித்தி ஹாஜரா சுற்றிலும் பார்த்தார். கனி இருந்தார், பல் டாக்டர் இருந்தார், அப்புத்துரை இருந்தார். குடையை விரித்தார். அதற்குள் அக்காவின் தலையையும் இழுத்துக்கொண்டு காதில் சொன்னார். அக்கா புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே" என்றார்.

நான் இரண்டடி முன்னால் நகர்ந்தேன். அந்தப் பாழாய்ப் போன குரங்குகள் கத்தித் தொலைத்ததில், அது ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.